போனை முதலில் வைக்காதவர்

வெள்ளிக்கல் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் செல்லசாமிக்கு ஒரு பழக்கம். யாரோடு பேசினாலும் போனை அவர் முதலில் வைக்க மாட்டார். தோட்டத்து ஆபிசில் அது வெள்ளைக்காரன் காலத்து மரியாதை. தோட்டத்து மேனேஜரான துரை பேசி முடித்து, துரை வைத்த பிறகுதான் கிளாக்கர் வைக்கலாம். துரை தும்மினாலும் இருமினாலும் காதில் வைத்தபடியே நிற்க வேண்டும். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய், அவன் நட்ட தேயிலை கிழடுதட்டிப் போன பிறகும் இந்த மரியாதை மட்டும் போகவில்லை. செல்லசாமி அதைத் துரையோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. கொழும்பு ஆபிஸ்காரர்கள், பேங்க் ஆட்கள், ஹட்டன் டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஷாமிலா வரைக்கும் தாராளமாக நீட்டியிருந்தார்.

“சரிங்க ஐயா, வச்சிருங்க” என்பாள் ஷாமிலா.

“நீங்க வைங்க மிஸ்” என்பார் அவர். அவள் வைக்கும்வரை அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

கடை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் பாதையில் இருந்தது. புருஷன் பைஸர் வெளியே போய் வயர் இழுப்பது, கெமரா பூட்டுவது போன்ற வேலைகளைப் பார்த்துக்கொள்வான். ஷாமிலா கடையில் இருந்தபடியே தோட்டத்து ஆபிசுகளின் கம்பியூட்டர்களைப் பழுது பார்ப்பாள். முன்பெல்லாம் ஒரு பிரின்டர் மக்கர் பண்ணினாலும் பைஸர் பஸ் பிடித்துத் தலவாக்கலை போய், அங்கிருந்து த்ரீவீலரில் மலையேறி, மழையில் நனைந்து போய்ப் பார்த்தால் ஒரு வயர் கழன்றிருக்கும். இப்போது அந்தக் கூத்தெல்லாம் இல்லை. விண்டோசோடு கூடவே வரும் குவிக் அசிஸ்ட் இருக்கிறது. இங்கே இவள் ஒரு கோட் நம்பர் எடுத்துச் சொல்வாள். அங்கே அவர்கள் அதை அடித்துச் சம்மதம் கொடுத்தால் அவர்களுடைய ஸ்க்ரீன் அப்படியே இவள் ஸ்க்ரீனில் வந்து நிற்கும். இன்னொரு சம்மதம் கொடுத்தால் அங்கே உள்ள மவுசும் இவள் கைக்கு வந்துவிடும்.

இந்த வேலையில் ஷாமிலா தனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் போனால் அடுப்பை மட்டும் பார்க்க வேண்டும், சட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது. அரைகுறையாக நிறுத்திய சீட்டு விளையாட்டு, கல்யாண போட்டோ, மாப்பிள்ளை தேடும் பக்கம் என்று எத்தனையோ அவள் கண்ணில் பட்டிருக்கின்றன. எதையும் அவள் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. செல்லசாமியின் ஸ்க்ரீனில் அந்த வில்லங்கம்கூட இருக்காது. நடுவில் முருகன் படம், ஓரமாக நாலு ஃபைல், அவ்வளவுதான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று பைஸரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அப்படிச் சொன்ன வாயைப் பிறகு அவளே கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றைக்கும் பிரின்டர்தான். காலையில் செல்லசாமி கடைக்கு போன் எடுத்தார். பிரின்டர் செத்துக் கிடக்கிறது, துரை சத்தம் போடுகிறார், மிஸ்தான் கை கொடுக்க வேண்டும் என்றார். ஷாமிலா கோட் கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தாள். பிரின்டரை ஓட்டும் ஃபைல் கெட்டிருந்தது. புதிதாக ஒன்றை டவுன்லோட் போட்டாள். தோட்டத்து இன்டர்நெட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா, அது நத்தை மாதிரி நகர்ந்தது. இது முடிய நேரமெடுக்கும், ஐயா உங்கள் வேலையைப் பாருங்கள், முடிந்ததும் மேலே தெரிகிற பட்டையில் பெருக்கல் குறியை அமுக்கிவிடுங்கள் என்று சொன்னாள்.

“அய்யய்யோ, நான் எப்படிங்க மிஸ் கட் பண்றது? நீங்களே பண்ணிருங்க” என்றார் அவர்.

ஷாமிலா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். செல்லசாமியின் கணக்கில் அத்தோடு எல்லாம் முடிந்தது. மிஸ் போனை வைத்துவிட்டார் என்றால் மிஸ் போய்விட்டார். போன் வேறு, ஸ்க்ரீன் வேறு என்பது அந்த மூளைக்குள் இறங்கவே இல்லை. மறைப்பாக இருந்த பட்டையைத் தன் மவுசால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கடிதம் ஒன்றைத் தட்டத் தொடங்கினார். ஷாமிலா அந்த ஸ்க்ரீனை அப்படியே ஓடவிட்டு, ஐடென்டிட்டி கார்டுக்கு போட்டோ எடுக்க வந்தவர்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

மத்தியானம் பைஸர் தொழுகைக்குப் போனான். மாடியிலிருந்து மாமி குழந்தை மின்ஹாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பல் முளைக்கும் வயது, பசி வந்தால் ஊரைக் கூட்டும். ஷாமிலா கடைக் கதவைச் சாத்தி, திரைக்குப் பின்னால் தன் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கினாள். டவுன்லோட் முடிந்ததா என்று அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கடிதத்தைக் காணோம். ஸ்க்ரீன் முழுக்க கெமரா படம் நின்றது.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பூட்டிய கெமரா அது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று யாரோ புண்ணியவான்கள் வாங்கிக் கொடுத்த கெமராவை பைஸர்தான் ஏணி வைத்து ஏறிப் பூட்டினான். வாசலையும் தொட்டில்களையும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு வந்தான். படம் ஆபிசில் தெரியும். அது இருந்த இடத்திலிருந்தே திரும்பக்கூடிய கெமரா. எப்படித் திருப்புவது, எப்படிக் கிட்டே இழுப்பது என்பதை இதே குவிக் அசிஸ்டில் வந்து செல்லசாமிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை, ஷாமிலாதான். ரெண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். ஒரு பிள்ளை தொட்டிலிலிருந்து விழுந்தால் உடனே பார்க்கலாமே மிஸ் என்று அவர் சொன்னபோது நல்ல மனசு என்று நினைத்தாள்.

இப்போது மவுஸ் அம்புக்குறியை அமுக்க, கெமரா வாசலைத் தாண்டியது. தொட்டில்களைத் தாண்டியது. பிள்ளை ஏதும் விழுந்துவிட்டதோ என்று ஷாமிலா பதறினாள். எந்தப் பிள்ளையிடமும் அது நிற்கவில்லை. மூலைக்குப் போய் நின்றது. அங்கே உட்கார ஒரு நீளப் பலகை வாங்கு. கொழுந்தை எடை போட்டுவிட்டு ஓடிவந்த தாய்மார், மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துச் சுவரோரம் போட்டுவிட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு குழந்தை. பார்க்க ஆளில்லை என்ற நிம்மதியில் சேலையைச் சரியாக இழுத்துவிடக்கூட நினைக்காமல் ஒருத்தி கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

மவுஸ் கிட்டே இழுத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தது. ஒருத்தியை விட்டு அடுத்தவளுக்கு, நிதானமாக, சந்தையில் மீன் பொறுக்குகிற மாதிரி நகர்ந்தது.

ஷாமிலா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை தன்னையறியாமல் சால்வையை இழுத்துத் தன் மார்பையும் குழந்தையையும் சேர்த்து மூடியது. அந்த ஆளால் இவளைப் பார்க்க முடியாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூடினாள். வழக்கமாக அவளுக்கு இனிக்கிற பால் வாடையே அப்போது குமட்டியது. குழந்தை வாயை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து அழத் தொடங்கியது.

நீங்க வைங்க மிஸ், நீங்க வைங்க மிஸ் என்று காதில் அந்தக் குரல் வந்து வந்து போனது. அந்தக் குழைவு, அந்தப் பணிவு, போனுக்குள் விட்ட அந்த மூச்சு, ஒவ்வொன்றையும் நினைக்க நினைக்க அருவருப்பு ஏறியது. போன் பிடித்த காதைக்கூடத் தேய்த்துக் கழுவ வேண்டும்போல் இருந்தது. இந்த விரலால்தானே சொல்லிக்கொடுத்தேன், இந்த அம்புக்குறி இடப்பக்கம் ஐயா, இந்த அம்புக்குறி வலப்பக்கம் ஐயா என்று, இந்த வாயால்தானே சொன்னேன் என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. சால்வையைக் கழற்றி ஸ்க்ரீன்மேல் போட்டு மூடிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

பைஸர் தொப்பியைக் கழற்றியபடி வந்தான். கம்பியூட்டருக்குச் சால்வை போர்த்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன, அதற்கும் குளிரா என்று கேட்டான். ஷாமிலாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் சால்வையை நீக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

“நீங்களும் பார்க்கணுமா?”

அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு கடைக்காரப் புத்தி பேசியது. பேசாமல் லைனைக் கட் பண்ணிவிடு, நமக்கு எதற்கு வம்பு, அந்தத் தோட்டத்துக்குள் நாளைக்கும் போய்வர வேண்டும் என்றான். அவள் தலையை ஆட்டி மறுத்ததும் கொஞ்சம் இறங்கி வந்தான். அப்படி விட மனசில்லை என்றால் ஸ்க்ரீனை போனில் ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள், நாளைக்கு அந்த ஆள் இல்லை என்று சாதித்தால் சாட்சி வேண்டுமே என்றான். சொன்னது நியாயந்தான். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

“படம் எடுத்தா அந்தப் பொம்புளைங்க என் போன்லயும் வந்துருவாங்க” என்றாள் ஷாமிலா. “அப்புறம் சாட்சின்னு நாலு பேருக்குக் காட்டணும். துரை பார்ப்பாரு, பொலிஸ் பார்ப்பான். அவன் ஒருத்தன் பார்த்தது போதாதா?”

பைஸர் தன் போனை எடுத்தான். அந்த ஏணியில் ஏறி நின்று கெமராவுக்கு ஆணி அடித்தபோது அவனுக்குக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டவர் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ராசம்மா. இறங்கி வந்ததும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, கெமராவில் ஏதும் பழுது என்றால் சொல்கிறேன் தம்பி என்று போன் நம்பரும் கொடுத்திருந்தார். அந்த நம்பரை எடுத்து பைஸரே மனைவியிடம் நீட்டினான். அவளிடம் முகம் கொடுக்க முடியாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

ராசம்மா போனை எடுத்தபோது பின்னால் பிள்ளைகளின் சத்தமும் தகரத்தில் மழைச் சத்தமும் கேட்டன. ஷாமிலா சுற்றிவளைக்கவில்லை. அக்கா, சத்தம் போடாமல் கேளுங்கள் என்று ஆரம்பித்து, கெமரா எங்கே பார்க்கிறது, யார் பார்க்க வைக்கிறார் என்பதைச் சொன்னாள்.

“அது அப்பப்ப தானா திரும்புமே தங்கச்சி” என்றார் ராசம்மா. “கரண்டு ஏறி எறங்குதாக்கும்னு நெனச்சோம். புள்ளைங்க எல்லாம் அதுக்கு டாட்டா காட்டுங்க.”

இதைக் கேட்டதும் ஷாமிலாவுக்கு விளங்கியது. இன்று ஒரு நாள் கதையில்லை. அது அப்பப்ப தானா திரும்பியிருக்கிறது. தாயின் மடியிலிருந்து பிள்ளை கை ஆட்டியிருக்கிறது, அங்கே ஸ்க்ரீனில் முருகன் படத்தை மறைத்துக் கெமராவைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டு அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறான். மரியாதையாக அவர் என்று நினைக்க அதற்குப் பிறகு அவளுக்கு மனசு வரவில்லை.

நான் பார்த்துக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ராசம்மா வைத்தார்.

ஷாமிலா சால்வையின் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தாள். படத்தின் குறுக்கே ஏதோ அசைந்தது. ஒரு வாங்கை இழுத்துப் போட்டு யாரோ ஏறுகிறார்கள். அடுத்த நொடி ஸ்க்ரீன் இருட்டாகிப் போனது. இருட்டுக்குள் ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், அதில் நீர் சொட்டும் முரட்டு விளிம்பு ஒன்று. சுவரோரம் கிடந்த ஈரப் படங்கை எடுத்துக் கெமராவின் தலையில் போட்டிருந்தார்கள்.

சால்வையை முழுதாக இழுத்துப் போட்டுவிட்டு ஷாமிலா பார்த்தாள். மவுஸ் திகைத்து நின்றது. இடப்பக்க அம்பை அமுக்கியது, இருட்டு. வலப்பக்கம் அமுக்கியது, இருட்டு. ஸ்க்ரீனில் கெமரா ஜன்னலை மூடித் திறந்தது. மறுபடி மூடித் திறந்தது. எலும்பைப் பறிகொடுத்த நாய் மண்ணைக் கிளறுகிற மாதிரி கிளறியது. பார்க்க அவளுக்குக் கோபத்தோடு ஒரு கேவலமான சிரிப்பும் வந்தது. இந்தப் பிராணிக்கா ஐயா போட்டேன்.

கடை போன் அடித்தது.

“மிஸ், சாப்புட்டீங்களா?” என்றார் செல்லசாமி. அதே குழைவு. “தொந்தரவுக்கு மன்னிக்கணும். புள்ளக்காம்பரா கெமரா திடீர்னு கறுப்படிச்சு நிக்குது. பச்சப் புள்ளைங்க உள்ள எடம், நமக்கு அதுதான் கவலை. ஒரு கோட் நம்பர் குடுத்தீங்கன்னா, நீங்களே உள்ள வந்து பார்த்துரலாம்.”

ஷாமிலா ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். வாசலில் நின்ற பைஸர் திரும்பிப் பார்த்தான்.

“கோட் வேணாம்” என்றாள் அவள். “காலையில குடுத்ததே இன்னும் ஓடுது. நீங்கதான் கட் பண்ண மாட்டேன்னீங்களே.”

“என்னங்க மிஸ்?”

அவள் மவுசைப் பிடித்தாள். அங்கே அவர் கைக்குக் கீழே இருந்த மவுஸ் அம்பு அவரை விட்டுவிட்டுத் தானாக எழும்பியது. மெதுவாகப் போய், ஓரமாகத் தள்ளிவைத்திருந்த பட்டையை இழுத்து வந்து ஸ்க்ரீனின் நடுவில் வைத்தது. உங்கள் ஸ்க்ரீனை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அதில் இருந்தது. முப்பது வருசமாக ஆபிசில் இங்கிலீசில் கடிதம் எழுதுகிறவர், அதை வாசிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவளுக்கு நன்றாகப் பழகிய மூச்சு.

“எப்ப இருந்துங்க மிஸ்?”

“நீங்க மூலைக்குத் திருப்பினதுக்கு முந்தியே இருந்து.”

செல்லசாமி பேசத் தொடங்கினார். கை தவறிப் பட்டுவிட்டது என்றார். புதுப் பழக்கம், சரியாகத் திருப்பத் தெரியவில்லை என்றார். அது எடுபடாததால் அடுத்த படிக்கு இறங்கினார். தனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் என்றார், மூத்தவள் நல்லதண்ணி ஊர் ஸ்கூலில் டீச்சர் என்றார், அவளுக்கே போன மாதம்தான் குழந்தை பிறந்தது என்றார். இதையும் ஒரு நியாயமாக எடுத்துச் சொல்லத் தோன்றிய புத்தியை நினைக்க ஷாமிலாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வழியில் எதையோ மிதித்துவிட்டு அதைச் சப்பாத்தோடு வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனுக்குள் தூரத்தில் வேறு சத்தங்கள் கேட்டன. மழையோடு பெண்களின் குரல்கள், ஒன்றிரண்டு அல்ல. பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆபிசுக்கு ஒரு படிக்கட்டு ஏற வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆபிசில் தோட்டத்து ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று, தலையைக் குனிந்து உள்ளே பார்த்துத்தான் பேச வேண்டும். கதவு துரைக்கும் கிளாக்கர்மாருக்கும் மட்டும்தான்.

செல்லசாமியும் கேட்டிருக்க வேண்டும். பேச்சு அறுந்தது. அவர் உட்கார்ந்திருந்த கதிரை நகரும் சத்தம் கேட்டது.

“ஐயா” என்றாள் ஷாமிலா. “நான் இன்னும் பேசி முடிக்கல. வைக்காதீங்க.”

வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். அவர் நிலையில் வேறு எவனாக இருந்தாலும் போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்கதவால் இறங்கியிருப்பான். செல்லசாமிக்கு அது வரவில்லை. எதிரில் இருப்பவர் வைக்கும்வரை நிற்க வேண்டும் என்பது எலும்புவரை ஊறிக் கிடந்தது. இவள் மனசு இரங்கி ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம் என்ற நப்பாசையும் இருந்திருக்கும். நின்றார்.

அந்த இடைவெளியில் ஷாமிலா கெமரா ஜன்னலை மூடினாள். பிள்ளைக்காம்பரா கெமராவின் கடவுச்சொல்லை மாற்றி, ஆபிஸ் கம்பியூட்டரில் இனி அது திறக்காதபடி செய்தாள். ஸ்க்ரீனில் முருகன் படம் மட்டும் மிஞ்சியது. நிதானமாகத்தான் செய்தாள்.

அங்கே கதவு திறந்து சுவரில் மோதியது. ஈரக்கால்கள் சிமெந்துத் தரையில் ஏறின. யாரும் கத்தவில்லை. ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது, இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“கிளாக்கரய்யா” என்றது ராசம்மாவின் குரல், மிகக் கிட்டத்தில். “நேரா பார்க்கலாம்னு வந்திருக்கோம். நிமுந்து பாருங்க.”

போனுக்குள் அந்த மூச்சு இரைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி, செல்லசாமியின் குரல் வந்தது.

“நீங்க வைங்க மிஸ்” என்றார். “தயவுசெஞ்சு நீங்க வைங்க.”

ஷாமிலா வைக்கவில்லை.